முதல் டிரெய்லர், மூன்று இரவுகள்: வாடகை வண்டியோடு யோசெமிட்டி சென்ற ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது கலிபோர்னியாவின் பே ஏரியாவில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு ஓர் அக்டோபர் மாதத்தில் நடந்தது. கணவன், மனைவி, 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கரூரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த கணவனின் அம்மா. அவர்களை நான் நன்றாக அறிவேன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய் உள்ளே தங்கும் டிரெய்லரைச் சில ஆண்டுகளாக இழுத்துப் பழகியவன் என்பதால் கிளம்பும் முன் என்னிடம் இரண்டு முறை தொலைபேசியில் பேசினார்கள். திரும்பி வந்த பிறகு நடந்ததை வரிசையாகக் கேட்டு, அவர்கள் ஒப்புதலோடு இங்கே எழுதுகிறேன்.

கூடாரம் போட்டுத் தங்கிய அனுபவம் அவர்களுக்கு உண்டு. ஆனால் அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தரையில் படுத்து எழ முடியாது. இரவில் இரண்டு முறையாவது கழிவறைக்குப் போக வேண்டும், குளிரில் 100 அடி நடந்து பொதுக் கழிவறைக்குப் போவதும் நடவாத காரியம். அம்மாவை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. கட்டிலும் கழிவறையும் உள்ளேயே இருக்கும் டிரெய்லரை வாடகைக்கு எடுக்கலாம் என்ற முடிவு இப்படித்தான் வந்தது. இன்று கேட்டாலும் அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

யோசெமிட்டி தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்கில் உள்ள அப்பர் பைன்ஸ் முகாமில், யாரோ ரத்து செய்த ஓர் இடம் வெள்ளி, சனி இரண்டு இரவுகளுக்குக் கிடைத்தது. அங்கே இடம் கிடைப்பது லேசில்லை. ஐந்து மாதம் முன்பே காலை 7 மணிக்கு முன்பதிவு திறந்ததும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதனால் கிடைத்ததை உடனே பிடித்துக்கொண்டார்கள். அங்கே டிரெய்லரின் நீளம் 24 அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்பதைப் பார்த்து, 22 அடி டிரெய்லராகத் தேடி எடுத்தார்கள். யோசெமிட்டியின் முகாம்கள் எதிலும் மின் இணைப்போ தண்ணீர் இணைப்போ கிடையாது. இதையும் படித்திருக்கிறார்கள். படித்ததன் பொருள் என்ன என்பது முதல் இரவில்தான் புரிந்தது.

கிளம்பும் முன் எடுத்த முடிவுகள்

வண்டி, ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி. இழுவைத் திறன் 5,000 பவுண்டு. டிரெய்லரின் வெற்று எடை 3,600. "1,400 பவுண்டு மிச்சம் இருக்கே, போதாதா?" என்று கணவர் கேட்டார். முதலில் எல்லோரும் போடும் கணக்கு இதுதான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டைப் பார்க்கச் சொன்னேன். ஆட்கள், சாமான்கள், டிரெய்லரை மாட்டும் கொக்கியான ஹிட்சின் மேல் உட்காரும் எடை எல்லாம் சேர்ந்து அந்த வண்டி சுமக்கக்கூடியது 1,480 பவுண்டு என்று அதில் இருந்தது. எஸ்யூவிகளில் பெரும்பாலும் முதலில் இடிப்பது இந்த எண்தான். இழுவைத் திறனை எட்டுவதற்கு வெகு முன்பே இது தீர்ந்துவிடும்.

எடையைப் பகிர்ந்து தரும் ஹிட்சும் பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும் என்றேன், பொருத்திக்கொண்டார்கள். பிரேக் கன்ட்ரோலரில் விரலால் நகர்த்தும் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதை நகர்த்தினால் டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும். டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் கால் பிரேக்கை மிதிக்காதே, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, இந்த நெம்புகோலை மெல்ல நகர்த்து என்று சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.

வழி பற்றியும் பேசினோம். 120-ஆம் நெடுஞ்சாலையில் போனால் பழைய பிரீஸ்ட் கிரேடு என்ற சாலைக்கு வரைபடச் செயலி திருப்பிவிடக்கூடும். சுமார் 1,500 அடி உயரத்தை இரண்டு மூன்று மைல்களில் ஏறும் சாலை அது. டிரெய்லரோடு போகக் கூடாத இடம். புதிய பிரீஸ்ட் கிரேடில் வளைந்து வளைந்து போகலாம், ஆனால் முதல் முறை ஓட்டுபவருக்கு அதுவும் வேண்டாம் என்று தோன்றியது. மெர்சிட் ஊரிலிருந்து 140-ஆம் நெடுஞ்சாலையில், மெர்சிட் ஆற்றை ஒட்டிப் போவது என்று முடிவானது. 2006-இல் பாறை சரிந்த இடத்தில் அப்போது சிக்னல் போட்ட ஒருவழிப் பாலம் இருந்தது, நீளமான வண்டிகளுக்குத் தடையும் இருந்தது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 40 அடிக்குள் இருந்ததால் சிக்கல் இல்லை.

டிரெய்லரை வாடகைக்கு விட்டவர் வெள்ளி காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருந்தார். 25 நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டார். அடுத்த வேலை இருக்கிறது என்றாராம். ஸ்விட்சுகள், குழாய்கள், கழிவுத் தொட்டியின் வால்வுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டினார். ஜெனரேட்டர் வேண்டுமா, கூடுதல் வாடகை என்று கேட்டார். சத்தம், எடை இரண்டையும் நினைத்து வேண்டாம் என்றார்கள். நல்ல தண்ணீர் தொட்டியை, 30 கேலன், அங்கேயே நிரப்பிக்கொண்டார்கள்.

580-ஆம் நெடுஞ்சாலையில் நடந்தது

ஆல்டமாண்ட் கணவாய் காற்றாலைகளுக்குப் பேர்போன இடம். காற்று இல்லாத நாள் அங்கே குறைவு. பிற்பகல் ஒன்றரை மணிக்கு உச்சியைத் தாண்டி டிரேசி நோக்கி இறங்கும்போது இரண்டு வரிசை தள்ளி வந்த ஒரு பெரிய லாரி அவர்களைக் கடந்தது. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 55 மைல். இறக்கத்தில் அவர் கவனிக்காமலே 62 ஆகியிருந்தது.

முதலில் பின் இருக்கையில் இருந்த மகள்தான் "அப்பா, கார் ஆடுது" என்றாள். கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் இடது பின்மூலை தெரிகிறது, மறைகிறது, வலது மூலை தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக. ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சரிசெய்யப் பார்த்ததில் ஆட்டம் இன்னும் பெரிதானது என்றார். அந்த நேரத்தில் நெம்புகோல் நினைவுக்கு வந்தது. காலை எடுத்தார், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தார், நெம்புகோலை நகர்த்தினார். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தது போல இருந்ததாம். நாலைந்து விநாடியில் ஆட்டம் அடங்கியது. 45 மைலுக்கு வந்து, அடுத்த வெளிவழியில் இறங்கி ஓரமாக நிறுத்தினார்.

அங்கிருந்து என்னை அழைத்தார். என்ன எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிள்ளைகளின் சைக்கிள்கள் டிரெய்லரின் பின் பம்பரில் கட்டியிருந்தன. ஐஸ் பெட்டியும் குடிநீர் பாட்டில் கட்டுகளும் பின்பக்கச் சமையலறைத் தரையில். தண்ணீர்த் தொட்டி சக்கர அச்சுக்குப் பின்னால் இருந்தது. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, ஆக 30 கேலன் என்றால் 250 பவுண்டு. எல்லாச் சுமையும் பின்பக்கம். தராசைப் போலத்தான் டிரெய்லர், பின்னால் ஏற்ற ஏற்ற முன்னால் ஹிட்சின் மேல் அழுத்தம் குறையும். அந்த அழுத்தம் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒரு காற்றோ ஒரு லாரியோ போதும், ஆட்டத்தைக் கிளப்பிவிடும்.

அங்கேயே மாற்றினார்கள். தொட்டியில் பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். சைக்கிள்கள் உள்ளே, முன்பக்கக் கட்டிலருகே போயின. ஐஸ் பெட்டியும் பாட்டில்களும் அச்சுக்கு முன்னால் வந்தன.

அப்புறம் 99-ஆம் நெடுஞ்சாலையில் ரிப்பன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு லாரி நிறுத்தத்தில் எடைமேடை ஏறினார்கள். எஸ்யூவியைத் தனியாகவும், டிரெய்லரை மாட்டியும் இரண்டு முறை. டிரெய்லரின் மொத்த எடை 4,300 பவுண்டு, ஹிட்சின் மேல் 480. அந்த எஸ்யூவியின் ஹிட்ச் தாங்கும் உச்ச எடையே 500தான். ஆட்கள் 650, வண்டிக்குள் சாமான் 150, ஹிட்ச் சட்டம் 80, ஹிட்சின் மேல் 480, மொத்தம் 1,360. மஞ்சள் சீட்டின் 1,480-இல் மிச்சம் 120 பவுண்டு. "1,400 மிச்சம்" என்று தொடங்கிய கணக்கு இங்கே வந்து நின்றது. சாமான்களை மாற்றுவதற்கு முன் ஹிட்சின் மேல் எவ்வளவு இருந்தது என்று அளக்க வழியில்லை. நகர்த்திய பொருள்களின் எடையையும் தூரத்தையும் வைத்து நான் போட்ட கணக்கில் 300 பவுண்டுக்கும் கீழே, அதாவது 7 சதவீதத்துக்கும் குறைவு.

அதற்குப் பிறகு பயணம் முழுவதும் ஆட்டம் வரவில்லை.

முதல் இரவு

எடைமேடையிலும் சாமான் மாற்றியதிலும் இரண்டு மணி நேரம் போனதால் அப்பர் பைன்ஸ் சேர மாலை ஆறரை ஆகிவிட்டது. இருட்டத் தொடங்கிய நேரத்தில் மரங்களுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்த 35 நிமிடம். ஒரு மரத்தில் லேசாக உரசியது. அம்மாவின் இட்லிப்பொடி, ஊறுகாய் முதல் முறுக்கு டப்பா வரை எல்லாவற்றையும் எஸ்யூவியிலிருந்து எடுத்து டிரெய்லருக்குள் வைத்தார்கள். கரடி வரும் இடம், இருட்டிய பிறகு வண்டியில் சாப்பாடு வைக்க அனுமதி இல்லை.

சோறு வைக்க மின்சாரக் குக்கரை எடுத்து வந்திருந்தார்கள். சுவரில் பிளக் பாயின்ட் இருக்கிறது, விளக்கு எரிகிறது, குக்கர் மட்டும் வேலை செய்யவில்லை. குக்கர் கெட்டுவிட்டது என்றே நினைத்தார்கள். அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கேஸ் அடுப்பில் பாத்திரத்தை வைத்துச் சமைத்தார்கள். என் பார்வையில் இந்த நிகழ்வில் மிக முக்கியமான தடயம் அந்தக் குக்கர்தான்.

வெளியே 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் குளிரக் கூடாதென்று ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டை வீட்டில் வைப்பது போல 72-இல் வைத்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தார்கள்.

அதிகாலை 3:10. தரைக்கு அருகே சுவரில் இருந்த பெட்டி ஒன்று விட்டு விட்டு "கீச்" என்று கத்தியது. மனைவிதான் முதலில் எழுந்தார். கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால் அது கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி. ஹீட்டர் நின்றிருந்தது. விளக்கைப் போட்டால் மங்கலான மஞ்சள். "கேஸ் வாசனை ஒண்ணும் வரலயேப்பா" என்றார் அம்மா. அவர் சொன்னது சரி. ஆனாலும் கணவர் யாரையும் உள்ளே இருக்க விடவில்லை. கதவைத் திறந்து, எல்லோரையும் போர்வையோடு எஸ்யூவிக்கு அனுப்பிவிட்டு, வெளியே இருந்த ப்ரொபேன் சிலிண்டரின் வால்வை மூடினார். அம்மாவை அந்தக் குளிரில் மூன்று படி இறக்கி, கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனது மனைவி.

காரணம் பிறகு வேறாக இருந்தாலும் அந்த நேரத்தில் செய்தது முழுக்கச் சரி. எந்த ஒலிக்கு என்ன பொருள் என்று தெரியாத நிலையில் கேஸ் கருவி கத்தினால் வெளியேறுவதுதான் முறை. பெரும்பாலான கருவிகளில் கசிவு என்றால் சிவப்பு விளக்கோடு இடைவிடாத அலறல் வரும். மின்னழுத்தம் குறைந்தால் விட்டு விட்டுக் கீச்சிடும். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஏன் நின்றது

பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து இடத்திலிருந்த ஒரு முதியவர் டார்ச்சோடு வந்தார். டிரெய்லரின் முன்னால் இருந்த பேட்டரியில் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தார். 10.9 வோல்ட். கசிவு ஏதும் இல்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார்.

ஹீட்டர் ப்ரொபேனில்தான் எரிகிறது. ஆனால் அந்தச் சூட்டை உள்ளே தள்ளும் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. அது ஓடும்போது சுமார் 7 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். டிரெய்லரில் இருந்தது ஒரே ஒரு சாதாரண ஈய அமில பேட்டரி, 80 ஆம்பியர்-மணி. அதில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரிக்குக் கேடு, ஆக கையில் இருப்பது 40. இரவு ஒன்பதிலிருந்து மூன்று வரை ஆறு மணி நேரத்தில் விசிறி பாதிக்கும் மேற்பட்ட நேரம் ஓடியிருந்தால் அதற்கே 25 முதல் 30. மாலையில் விளக்குகள், தண்ணீர் பம்ப், குளிர்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை, எச்சரிக்கைக் கருவிகள் எல்லாம் சேர்ந்து மீதி. பேட்டரி பழையது, முழுதாக ஏறியிருந்ததா என்பதும் சந்தேகம். ப்ரொபேனில் ஓடும் குளிர்பெட்டியும் கூடவே அணைந்திருந்தது, அதன் கட்டுப்பாட்டுக்கும் 12 வோல்ட் வேண்டும்.

குக்கருக்கு வருவோம். சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டுகளுக்கும் மைக்ரோவேவுக்கும் 120 வோல்ட் வேண்டும். வெளியிலிருந்து மின் இணைப்போ ஜெனரேட்டரோ இல்லாவிட்டால் அவை வெறும் ஓட்டைகள். மாலை ஏழரைக்குக் குக்கர் ஓடாதபோதே "அப்படியானால் இந்த விளக்கு எதில் எரிகிறது?" என்று ஒரு கேள்வி எழுந்திருந்தால் பேட்டரியின் நினைப்பு வந்திருக்கும், தெர்மோஸ்டாட் 72-இல் இருந்திருக்காது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரேக் நெம்புகோலைப் பற்றி அத்தனை பேசிய நானும் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெனரேட்டர் வேண்டாம் என்று முடிவெடுத்ததைக் கேட்டதும் இரவை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அம்மா அதிகாலை மூன்று மணிக்குப் படியிறங்கியதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சனிக்கிழமையும் அதற்குப் பிறகும்

யோசெமிட்டியில் ஜெனரேட்டர் ஓட்ட நேரம் உண்டு: காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7. அந்த முதியவர் காலையிலும் மாலையிலும் தன் ஜெனரேட்டரிலிருந்து அவர்கள் டிரெய்லருக்கு இணைப்புக் கொடுத்தார். நாலு மணி நேரத்தில் பேட்டரி ஓரளவு தேறியது. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று காலையில் ஒரு பேச்சு வந்ததாம். இன்னோர் இரவு பார்க்கலாம், ஆனால் முறையை மாற்றிக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள்.

சனி இரவு தெர்மோஸ்டாட் 58. அம்மாவுக்கு இரண்டு கம்பளி, கம்பளிக் குல்லா, காலடியில் வெந்நீர்ப் பை. வெந்நீர்ப் பை அம்மாவுடையதுதான், முழங்காலுக்காகக் கரூரிலிருந்தே பெட்டியில் வந்தது. படுக்கும் வரை ஒரே ஒரு விளக்கு. ஞாயிறு காலையில் பேட்டரியில் 12.1 வோல்ட் இருந்தது. ஒன்பதுக்குப் படுத்த அம்மா, நடுவில் இரண்டு முறை உள்ளேயே கழிவறைக்குப் போய்வந்ததைத் தவிர, ஆறு வரை தூங்கினார். டிரெய்லர் எதற்காக எடுக்கப்பட்டதோ அது அன்றுதான் நடந்தது.

முகாமை விட்டுக் கிளம்பும்போது அப்பர் பைன்ஸிலேயே இருக்கும் கழிவு வெளியேற்றும் இடத்தில் தொட்டிகளைக் காலி செய்தார்கள். கழிவறைத் தொட்டியை முதலில் திறந்து, பிறகு பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் பின்னது குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறையோடு பத்து நிமிட வேலை. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

மூன்றாவது இரவு, பூங்காவுக்கு வெளியே மாரிப்போசா பக்கம், மின் இணைப்புள்ள ஒரு தனியார் முகாமில். அங்கே குக்கர் ஓடியது. மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டு, சிறு மின்சார ஹீட்டரையும் சொருகியதும் பிரேக்கர் விழுந்தது. முகாமின் இணைப்பு 30 ஆம்பியர், 120 வோல்ட் என்றால் மொத்தமே 3,600 வாட்தான். அதையும் அன்று கற்றுக்கொண்டார்கள். திங்கள் காலை, காற்று எழும் முன் ஆல்டமாண்டைத் தாண்டி வீடு சேர்ந்தார்கள். மரத்தில் உரசிய கீறலுக்காக முன்பணத்தில் 150 டாலர் பிடித்துக்கொள்ளப்பட்டது. பேட்டரி பற்றி உரிமையாளரிடம் சொன்னபோது, வேறு யாரும் இதுவரை குறை சொல்லவில்லை என்று மட்டும் பதில் வந்தது.

மாற்ற வேண்டியவை

முதல் இரவு மின் இணைப்புள்ள இடத்தில், முடிந்தால் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருந்திருக்க வேண்டும். மாரிப்போசாவில் முதலில் தங்கிவிட்டுப் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தாலே குக்கர் கெடவில்லை என்பதும் ஹீட்டர் எப்படி ஓடுகிறது என்பதும் தெரிந்திருக்கும். பேட்டரியும் முழுதாக ஏறியிருக்கும். வாரக் கடைசியில் இடம் கிடைத்த அவசரத்தில் வரிசை தலைகீழாகிவிட்டது.

டிரெய்லரைக் கைமாற்றும்போது 25 நிமிடம் போதாது. ஒன்றரை மணி நேரம் கேட்டு வாங்க வேண்டும், முடியாது என்பவரிடம் எடுக்கக் கூடாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் "இது எங்கே, எப்படிப் போடுவது" என்பதோடு "இது எதில் ஓடுகிறது" என்று கேட்க வேண்டும். அவர்கள் முதல் இரண்டைக் கேட்டார்கள், மூன்றாவதைக் கேட்கவில்லை. எச்சரிக்கைக் கருவிகளின் ஒலிகளை அங்கேயே அழுத்திப் பார்த்துக் கேட்டுவிட வேண்டும்.

சாமான் ஏற்றிய பிறகு, மலைக்கு முன்னால், எடைமேடை. ஆட்டம் வந்த பிறகு மேடை ஏறியதற்குப் பதில், கிளம்பிய உடனே ஏதாவது ஒரு மேடையில் ஏறியிருக்கலாம். தண்ணீரை முகாமுக்குப் பக்கத்தில் நிரப்பிக்கொள்ளலாம், 250 பவுண்டை 170 மைல் சுமக்கத் தேவையில்லை. ஜெனரேட்டர் விஷயத்தில் எனக்கு இன்னும் ஒரே முடிவு இல்லை. இரண்டு நல்ல பேட்டரிகள் இருந்திருந்தால் அந்தக் குளிருக்கு அது தேவைப்பட்டிருக்காது. ஆனால் முதியவரோ குழந்தையோ உடன் இருந்து, இணைப்பும் இல்லாத இடம் என்றால், நான் எடுத்துக்கொண்டு போவேன்.

அடுத்த மே மாதம் அவர்கள் மறுபடி டிரெய்லர் எடுத்தார்கள். இந்த முறை உரிமையாளரே முகாமுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, இணைப்புக் கொடுத்துவிட்டுப் போகும் ஏற்பாடு. குளிர்பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுவதற்கு மனைவி ஒரு தாள் எழுதிக் கொண்டுபோனார். அதன் படம் எனக்கும் வந்தது. ஹீட்டர்: கேஸ், பேட்டரி. குளிர்பெட்டி: கேஸ் அல்லது கரண்ட், கூடவே பேட்டரி. விளக்கு, பம்ப்: பேட்டரி. குக்கர், மைக்ரோவேவ்: கரண்ட் மட்டும். அடுப்பு: கேஸ். கடைசி வரியில், ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் சேர்க்கச் சொன்னது: வெந்நீர்ப் பை, எதுவும் வேண்டாம்.